ரட்சிப்பை இழக்க முடியுமா? கொங்கு மண்ணில் சந்தித்த இரண்டு பதில்கள்



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். வேலை இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு பிறகு படியுங்கள்.

என் அப்பா வீட்டார் தாராபுரம் பக்கம். அம்மா வீட்டார் ஈரோடு பக்கம். இரண்டுமே கிறிஸ்தவக் குடும்பங்கள்தான். ஆனால் 1947-க்கு முன்னால் அவர்கள் வேறு வேறு சபை. அப்பாரு வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையில் உபதேசியாராக இருந்தவர். அம்மாயி லண்டன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேர தூரம்தான். ஆனாலும் ஒரு முக்கியமான கேள்விக்கு அந்த இரண்டு சபைகளையும் தொடங்கியவர்கள் நேர் எதிரான பதில்களைச் சொல்லியிருந்தார்கள். அதற்காக ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நாடே இரண்டுபட்டது, மாநாடு கூடியது, சிறைவாசம்கூட நடந்தது.

கேள்வி இதுதான்: கிறிஸ்துவை நம்பி ரட்சிப்பு அடைந்த ஒருவர், பிறகு அந்த ரட்சிப்பை இழந்துவிட முடியுமா?

என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், இஸ்லாமியப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக ஒரு வரி விளக்கம். பாவத்திலிருந்தும் அதன் தண்டனையிலிருந்தும் கடவுள் மனிதனை மீட்டுத் தம்முடையவனாக்கிக்கொள்வதைத்தான் ரட்சிப்பு என்கிறோம். அது கடவுளின் கிருபையால் கிடைப்பது என்பதில் கிறிஸ்தவச் சபைகளுக்குள் சண்டை இல்லை. கிடைத்தது கைவிட்டுப் போகுமா என்பதில்தான் சண்டை.

சண்டைக்குக் காரணம் வேதாகமத்திலேயே இருக்கிறது. யோவான் சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில், தம்முடைய ஆடுகளைத் தம் கையிலிருந்து யாராலும் பறிக்க முடியாது என்று இயேசு உறுதி சொல்கிறார். எபிரெயருக்கு எழுதிய நிருபம் 6-ஆம் அதிகாரமோ, ஒருமுறை ஒளியைப் பெற்று, பரிசுத்த ஆவியில் பங்கும் பெற்றபின் விலகிப்போனவர்களைத் திரும்பக் கொண்டுவருவது முடியாத காரியம் என்று எச்சரிக்கிறது. முதல் பகுதியைப் படித்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும். இரண்டாவதைப் படித்தால் வந்த தூக்கமும் போய்விடும்.

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

இது ஏதோ வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு கேள்வியைத் தமிழ்நாட்டு வைணவர்கள் எழுநூறு ஆண்டுகளாக அலசியிருக்கிறார்கள்.

ஆழியாறு தாண்டிக் குரங்கு அருவிப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தாய்க்குரங்கு கிளைக்குக் கிளை தாவும்போது குட்டிதான் தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். பிடி தளர்ந்தால் கீழே விழ வேண்டியதுதான். பூனை அப்படி இல்லை. தாய்ப்பூனையே குட்டியின் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். குட்டி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். முதலாவதை மர்க்கட நியாயம் என்றும் இரண்டாவதை மார்ஜார நியாயம் என்றும் சொல்வார்கள். இறைவனை அடைய மனிதன் தன் பங்குக்குக் கொஞ்சமாவது பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. அவனே தூக்கிக்கொள்வான், நாம் தடுக்காமல் இருந்தால் போதும் என்பது தென்கலை. வடகலைக்கு வேதாந்த தேசிகரும், தென்கலைக்குப் பிள்ளை லோகாசாரியாரும் ஆசாரியர்கள்.

இந்த இடத்தில் பலரும் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. வடகலைக்காரர்கள் மோட்சம் கைநழுவிப் போகும் என்று சொல்வதாக நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஒருமுறை உண்மையாகச் சரணாகதி செய்தவனுக்கு மோட்சம் உறுதி என்பதை இரண்டு கலையாரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு தெரிந்தே தப்பு செய்தால் பிராயச்சித்தம் வேண்டுமா, தண்டனை உண்டா என்பதில்தான் வேறுபாடு. ஆகவே குரங்கும் பூனையும் கிறிஸ்தவர்களின் கேள்விக்கு அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் 'யார் பிடித்திருக்கிறார்கள்' என்ற கவலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1323-ல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது, வயது முதிர்ந்த பிள்ளை லோகாசாரியார் நம்பெருமாள் விக்கிரகத்தோடு மதுரைப் பக்கம் தப்பிப்போய் அங்கேயே காலமானார் என்றும், வேதாந்த தேசிகர் ஸ்ரீபாஷ்யத்தின் விரிவுரையான சுருதப்பிரகாசிகையின் சுவடிகளைக் காப்பாற்றினார் என்றும் வைணவ மரபு சொல்கிறது. ஒருவர் பெருமாளைக் காத்தார், மற்றவர் நூலைக் காத்தார். பின்னால் வந்தவர்கள்தான் எந்த நாமம் போடுவது என்று காஞ்சிபுரத்தில் கோர்ட்டுக்குப் போனார்கள்.

சான்றிதழ் வாங்கியவர்கள்

கிறிஸ்தவ உலகத்தில் இந்தக் கேள்வி பெரிய அளவில் வெடித்தது கி.பி. 250-ல். ரோமப் பேரரசர் டீசியஸ் ஓர் ஆணை போட்டார். பேரரசின் குடிமக்கள் அனைவரும் தேவர்களுக்குப் பலி செலுத்தி, அதிகாரிகள் முன்னிலையில் சான்றிதழ் பெற வேண்டும். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. 'இன்னார் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறார், இன்றும் எங்கள் கண்முன் பலியிட்டார்' என்கிற ரீதியில் எழுதிக் கையெழுத்துப் போட்டது. நம்ம தாலுகா ஆபீஸ் சர்டிபிகேட் மாதிரியேதான்.

பயந்துபோன கிறிஸ்தவர்கள் பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே டீசியஸ் போரில் இறந்தார். அலை ஓய்ந்ததும் இவர்கள் எல்லாம் கோயில் வாசலுக்கு வந்து நின்றார்கள். சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா?

ரோமில் நோவேஷியன் என்ற குரு, மறுதலித்தவர்களை மன்னிக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை என்று சொல்லித் தனிச் சபையே தொடங்கினார். அது சில நூற்றாண்டுகள் நீடித்தது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியன் நடுவழி தேடினார். காகிதம் மட்டும் வாங்கியவரையும் பலியிட்டவரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்றார். 251-ல் கூடிய பேராயர்கள் மாநாடு, பலியிட்டவர்கள் நீண்ட காலம் மனஸ்தாபப்பட வேண்டும், மரணத் தறுவாயில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. மறுபடி துன்புறுத்தல் வரும் அறிகுறி தெரிந்ததும், மனம் வருந்தியவர்களை எல்லாம் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் சிப்ரியன். போருக்குப் போகிறவனை ஆயுதம் இல்லாமல் அனுப்பலாமா என்பது அவர் நியாயம். 258-ல் அவரே தலை வெட்டப்பட்டு இரத்தசாட்சியாக இறந்தார்.

இதில் நான் கவனிப்பது, அந்த வாசலில் நின்ற ஆட்களைத்தான். அவர்களுக்கு இது தத்துவ விவாதம் இல்லை. அக்கம்பக்கத்தில் தெரியும்படி தவறிவிட்டவர்கள். கடவுள் இன்னும் நம்மை வைத்திருக்கிறாரா என்று கேட்டு நின்றவர்கள்.

தோர்ட் மாநாடு

அதே வட ஆப்பிரிக்காவில் நூற்றைம்பது ஆண்டு கழித்து அகஸ்டின் (354–430) ஒரு பதில் சொன்னார். முடிவுவரை நிலைத்திருப்பதே கடவுள் கொடுக்கும் வரம். ஆனால் அந்த வரம் தனக்கு இருக்கிறதா என்று இந்த உலகத்தில் ஒருவனும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை 1547 ஜனவரியில் திரெந்து மாநாட்டில் தன் நிலையைத் தெளிவாக எழுதிவைத்தது. சாவான பாவத்தால் அருள்நிலையை இழக்கலாம், மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து மறுபடி பெறலாம். லுத்தரன்கள் 1530-லேயே ஆக்ஸ்பர்க் அறிக்கையில், நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழக்கவே மாட்டான் என்று சொல்பவர்களைக் கண்டித்திருந்தார்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு கொண்டுவந்தது அந்த லுத்தரன் மரபு.

இதற்கு மறுகோடியில் நின்றவர் ஜெனீவாவின் ஜான் கால்வின் (1509–1564). கடவுள் தெரிந்துகொண்டவரைக் கடவுளே காப்பார். அவர்கள் தடுமாறுவார்கள், விழுவார்கள். ஆனால் ஒரேயடியாகக் கைவிடப்பட மாட்டார்கள். இந்தப் போதனை ஹாலந்தில் வேரூன்றியது.

அங்கே லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்மினியஸ் சில கேள்விகளை எழுப்பினார். 1609-ல் அவர் இறந்தபின் அவருடைய ஆதரவாளர்கள் 1610-ல் ஐந்து அம்சங்கள் கொண்ட விண்ணப்பம் ஒன்றை அரசிடம் கொடுத்தார்கள். ஐந்தாவது அம்சம் நம்முடைய கேள்விதான். ஆச்சரியம் என்னவென்றால், அதில் அவர்கள் இழக்க முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வேதத்தை இன்னும் ஆராய்ந்த பிறகுதான் சொல்ல முடியும் என்று விட்டுவிட்டார்கள். பரீட்சையில் விடை தெரியாத கேள்வியை நேர்மையாக வெறுமையாக விட்ட பிள்ளைகளைப் போல. எதிர்ப்பு முற்ற முற்ற, சில ஆண்டுகளில் 'இழக்க முடியும்' என்ற பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

1618 நவம்பரில் தோர்ட் நகரில் மாநாடு கூடியது. 1619 மே மாதம் வரை நடந்தது. ஆர்மினியஸ் தரப்புத் தோற்றது. அந்தத் தரப்புப் போதகர்கள் பதவி இழந்தார்கள். அவர்களை ஆதரித்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட், எழுபது வயதைத் தாண்டியவர், 1619 மே 13 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அவர்மேல் சொன்ன குற்றம் அரசியல்தான். ஆனால் அந்த அரசியலுக்குள் இந்த வேதசாஸ்திரச் சண்டையும் பின்னிக் கிடந்தது. சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று நாம் பாடத்தில் படிக்கிற ஹியூகோ குரோஷியஸ் ஆயுள் சிறைக்குப் போனார். 1621-ல் மனைவி போட்ட திட்டத்தின்படி புத்தகப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு கோட்டையிலிருந்து தப்பினார். புத்தகத்தால் உயிர் பிழைத்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

யாழ்ப்பாணத்துப் பதிவேடு

அந்தத் தோர்ட் தீர்மானம் கப்பலேறி நம் பக்கமும் வந்தது. டச்சுக்காரர்கள் 1613 முதல் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தார்கள். 1658-ல் தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மூன்றும் போர்த்துக்கீசியரிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் கோயில்கள் சீர்திருத்தச் சபைக் கோயில்களாயின. பிலிப்பு பால்தேயு என்ற போதகர் அங்கே ஊழியம் செய்து, பின்னால் அந்த நாட்டைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். ஊருக்கு ஊர் கோயிலோடு பள்ளிக்கூடம். அங்கே ஞானஸ்நானமும் திருமணமும் பதிவேட்டில் ஏறின. அந்தப் பதிவு இல்லாவிட்டால் அரசு உத்தியோகமும் சலுகையும் எட்டாத நிலை.

1795–96-ல் பிரிட்டிஷார் வந்தார்கள். அந்தக் கட்டாயம் போனது. கொஞ்ச ஆண்டுகளுக்குள் பதிவேட்டில் இருந்த மிகப் பெரும்பாலோர் தங்கள் பழைய கோயில்களுக்கே திரும்பிவிட்டார்கள்.

இப்போது நம் கேள்வியை இவர்கள்மேல் வைத்துப் பாருங்கள். இவர்கள் ரட்சிப்பை இழந்தவர்களா? ஆர்மினியஸ் வழி வந்தவர் 'விசுவாசத்தை விட்டு விலகினார்கள்' என்பார். கால்வின் வழி வந்தவர் 'அவர்களுக்கு ஆரம்பத்திலேயே விசுவாசம் இருந்ததில்லை, பதிவேட்டில் பெயர்தான் இருந்தது' என்பார். நடந்தது ஒன்று. சொல்லும் விதம் இரண்டு. போனவரைப் பற்றி இரண்டு தரப்பும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். ஆள் இங்கே இல்லை என்கிறார்கள். அப்படியானால் வேறுபாடு எங்கே? போனவரிடத்தில் இல்லை. இன்னும் உள்ளே இருந்துகொண்டு, நடுராத்திரியில் விழித்துப் பார்த்து, நான் இருக்கிறேனா என்று கேட்கிறவரிடத்தில் இருக்கிறது.

இரண்டு நண்பர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தச் சண்டை இரண்டு உயிர் நண்பர்களுக்கு நடுவில் வந்தது. ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்ஃபீல்டும் ஆக்ஸ்போர்டு காலத்து நண்பர்கள். கோயிலுக்கு வெளியே திறந்தவெளியில் நின்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு முதலில் பிரசங்கித்தவர் விட்ஃபீல்டு. அவர் அழைத்துத்தான் வெஸ்லியும் வெளியே வந்து பேசினார். விட்ஃபீல்டு கால்வின் பக்கம். வெஸ்லி, விசுவாசி விலகிப்போக முடியும், ஆகவே விழிப்போடு பரிசுத்தத்தில் வளர வேண்டும் என்ற பக்கம். 1739-ல் வெஸ்லி கிருபையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து அச்சிட்டார். விட்ஃபீல்டு பதில் கடிதம் எழுதி அதையும் அச்சிட்டார். இயக்கம் இரண்டானது.

ஆனால் நட்பு முழுக்க அறுந்துபோகவில்லை. 1770 செப்டம்பர் 30 அன்று விட்ஃபீல்டு அமெரிக்காவில் காலமானார். தனக்கு நினைவுப் பிரசங்கத்தை வெஸ்லிதான் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்த நவம்பரில் லண்டனில் வெஸ்லி அதைச் செய்தார். கருத்து வேறுபட்ட இடத்தைத் தொடாமல், நண்பர் செய்த நன்மைகளையும் இருவரும் சேர்ந்து நம்பியவற்றையும் பேசினார்.

வெஸ்லி வழி வந்த மிஷனரிகள் 1814-ல் இலங்கையிலும் 1817-ல் சென்னையிலும் வந்து இறங்கினார்கள். அந்த மரபு காவிரிக் கரை வழியாகக் கரூருக்கும் தாராபுரத்துக்கும் வந்தது. கால்வின் வழியில் வேர்கொண்ட சபையார் பெருமளவில் சேர்ந்து 1795-ல் தொடங்கிய லண்டன் மிஷன், சேலத்துக்கும் கோயமுத்தூருக்கும் பிறகு ஈரோட்டுக்கும் வந்தது. கோவையில் ஆடிஸ் ஐயர் 1830-ல் பணி தொடங்கினார். ஈரோட்டில் பிரப் துரையின் பெயரைத் தாங்கி நிற்கும் கோயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அமராவதிக் கரையில் வெஸ்லி, நொய்யல் கரையில் விட்ஃபீல்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1947 செப்டம்பர் 27

1919 மே மாதம் தரங்கம்பாடியில் சில இந்தியப் போதகர்கள் கூடினார்கள். பேராயர் வி.எஸ். அசரியா அவர்களில் முன்னணியில் நின்றார். மேல்நாட்டில் உண்டான பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு அறிக்கை விட்டார்கள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் நடந்தது. ஒன்றுசேர வந்தவர்களில் பேராயர்களைக் கொண்ட ஆங்கிலிக்கன் சபை, வெஸ்லி வழி வந்த மெதடிஸ்ட் சபை, கால்வின் வழி வந்த தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் உண்டு. கோவை, ஈரோட்டு லண்டன் மிஷன் சபைகள் இந்த ஐக்கிய சபையில் இருந்தன.

இருபத்தெட்டு ஆண்டுகள் எதற்காக மல்லுக்கட்டினார்கள் தெரியுமா? பேராயர் பதவி வேண்டுமா, யார் கைவைத்து அபிஷேகம் செய்தால் செல்லும், திருவிருந்தை யார் நடத்தலாம். இவைதான் முட்டுக்கட்டைகள். தோர்ட்டில் மாநாடு கூட்டி, இங்கிலாந்தில் நண்பர்களைப் பிரித்த நம் கேள்வி இங்கே தடைக்கல்லாக நிற்கவில்லை. பழைய விசுவாசப் பிரமாணங்களை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அவற்றில் இந்தக் கேள்வியே கிடையாது. அதற்கு மேல் விளக்கம் சொல்வதில் நியாயமான சுதந்திரம் கொடுத்துவிட்டார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு அன்றே காலமாகியிருந்தார்.

1950-ல் கோயமுத்தூர் தனித் திருமண்டலமானது. லண்டன் மிஷன் கோவையும் ஈரோடும் சேலமும், மெதடிஸ்ட் கரூரும் தாராபுரமும் ஒரே பேராயரின் கீழ் வந்தன. அந்த முதல் பேராயர் ஏ.ஜே. அப்பாசாமி (1891–1975). பாளையங்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தந்தையார் சைவக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர். மகன் ஆக்ஸ்போர்டு போய் யோவான் சுவிசேஷத்தையும் நம் பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்தார். 1927-ல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி ஒரு நூலும், 1931-ல் மோட்சம் என்றால் என்ன என்று கேட்டு இன்னொரு நூலும் ஆங்கிலத்தில் எழுதினார். ராமானுஜரை ஊன்றிப் படித்தவர்.

வெஸ்லி வீட்டுப் பிள்ளைகளும் கால்வின் வீட்டுப் பிள்ளைகளும் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்த கொங்குத் திருமண்டலத்துக்கு, ராமானுஜரைப் படித்த ஒருவர் முதல் பேராயராக வந்தது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

அவர் பெரிதும் நம்பியது யோவானின் ஒரு வார்த்தையை: நிலைத்திருத்தல். கொடி திராட்சைச் செடியில் நிலைத்திருப்பது போல. நித்திய வாழ்வு செத்த பிறகு கையில் வாங்கும் பொருள் இல்லை, இப்போதே நடக்கிற உறவு. அவரைப் படித்தபின் நானாக யோசித்தது இது. 'இழப்பது' என்பது பொருளுக்கு உரிய சொல். பத்திரத்தை இழக்கலாம், சங்கிலியை இழக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவை யாராவது 'தொலைத்துவிட்டேன்' என்று சொல்வோமா? பேசாமல் இருக்கலாம், வீட்டை விட்டுப் போகலாம், மனம் கசந்துபோகலாம். அதெல்லாம் வேறு. ரோமச் சான்றிதழ் மாதிரி, யாழ்ப்பாணப் பதிவேடு மாதிரி ரட்சிப்பை ஒரு காகிதமாக நினைக்கும்போதுதான் அது தொலையுமா, தொலையாதா என்ற கணக்கு வருகிறது.

இரண்டு மருந்துகள்

இத்தனை சரித்திரத்தையும் நான் தோண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. சமீபத்தில் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், ஒண்ணு கேக்கோணுங்க" என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். அவள் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். கணவர் இறந்த துக்கத்தில் பல வருஷம் கோயிலுக்குப் போகாமல் இருந்தவர். ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், நீங்கள் பின்வாங்கிப் போனவர், ரட்சிப்பை இழந்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அந்த அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அவர் யார், எந்தச் சபை என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

இன்னொரு பக்கம், எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். வேதாகமத்தின் முதல் பக்கத்தில் தான் ரட்சிக்கப்பட்ட தேதியை எழுதி வைத்திருக்கிறார். ஏலச்சீட்டு நடத்தி ஏழைகள் பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கிறார். கேட்டால், என் ரட்சிப்பை யாரும் அசைக்க முடியாது என்கிறார். எபிரெயர் 6-ஆம் அதிகாரத்தை அந்தப் படுக்கைக்கு எடுத்துப்போகிறார்கள். யோவான் 10-ஆம் அதிகாரத்தைச் சீட்டுக்காரர் வைத்திருக்கிறார். நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளோடு இருந்தவள் நான். வகுப்பில் இரண்டு விதமான பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்கித் தெரிந்ததையும் மறந்துவிடும் பிள்ளை. எப்படியும் பாஸ் போட்டுவிடுவார்கள் என்று புத்தகத்தையே திறக்காத பிள்ளை. முதல் பிள்ளையிடம் போய் 'பெயிலாகிவிடுவாய்' என்று சொன்னால் அது மயங்கி விழும். இரண்டாவது பிள்ளையிடம் 'கவலைப்படாதே' என்று சொன்னால் அதோடு முடிந்தது. வார்த்தை சரியாக இருந்தாலும் ஆள் மாறினால் கெடுதல்.

ஜான் பனியனை நினைத்துப் பாருங்கள். 'மோட்சப் பிரயாணம்' எழுதியவர். கால்வின் வழிக்காரர், தேவன் பிடித்தவரை விடமாட்டார் என்று நம்பிய கூட்டத்தைச் சேர்ந்தவர். அவரே இளமையில், தான் கிறிஸ்துவை விற்றுவிட்டதாகவும் இனி மன்னிப்பே இல்லை என்றும் நெடுங்காலம் நடுங்கியிருந்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதனால்தான் அவர் கதையில், இனித் தனக்கு மீட்பே இல்லை என்று இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதன் வருகிறான். மோட்ச வாசல் வரை அலட்சியமாக நடந்துவந்து அங்கிருந்தே நரகத்துக்குப் போகிறவனும் வருகிறான். பயந்தவன், பயமே இல்லாதவன் இருவரையும் அவர் தெரிந்து வைத்திருந்தார். அந்தக் கதையைத் தழுவித்தான் நெல்லை மாவட்டத்து எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடி 1894-ல் வெளியிட்டார். அவர் பிறந்தது கம்பராமாயணம் ஒலித்த ஒரு வைணவ வீட்டில்.

மாணவியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணு, ரட்சிப்பு போய்விட்டதே என்று அழுகிற மனசு, போன மனசு இல்லை. போனவன் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். இதை அம்மாவிடம் சொல். யோவான் 10-ஐத் தினமும் வாசித்துக் காட்டு." வெஸ்லி வழிப் போதகர் வந்தாலும் கால்வின் வழிப் போதகர் வந்தாலும், நல்ல மேய்ப்பராக இருந்தால், அந்தப் படுக்கை அருகே இதைத்தான் சொல்வார்.

சீட்டுக்காரரிடமும் பேசினேன். பலன் இல்லை. அவருக்கு எபிரெயர் 6 மட்டும் போதாது, நுகர்வோர் நீதிமன்ற முகவரியும் வேண்டியிருக்கிறது.

என் சொந்த முடிவு என்ன என்று சிலர் கேட்பீர்கள். பிடித்திருப்பவர் அவர்தான் என்ற அம்மாயியின் பக்கம்தான் என் மனசு சாய்கிறது. ஆனால் அப்பாரு சொன்ன, "பிடியை விட்றாதே கண்ணு" என்பதும் காதில் விழாமல் இல்லை. தூங்கப் போகும்போது அம்மாயி சொன்னதும், விடிந்து எழுந்து வேலைக்குப் போகும்போது அப்பாரு சொன்னதும் நினைவில் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கரூர், தாராபுரம், ஈரோடு, கோவைப் பக்கத்துக் கிராமச் சபைகளில் 1947-க்கு முந்திய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலில் அப்படி ஏதாவது இருந்தால் ஆயரிடம் அனுமதி கேட்டுப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். ரட்சிப்பு காகிதத்தில் இல்லை என்று மேலே எழுதினேன். ஆனால் சரித்திரம் காகிதத்தில்தான் இருக்கிறது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். வெஸ்லியும் விட்ஃபீல்டும் மாதிரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பொள்ளாச்சி.